போர்க்களத்தில் பல் மருத்துவருக்கு என்ன வேலை? ராணுவப் பல் மருத்துவர்களின் களப் பயிற்சி: ஓர் எளிய அறிமுகம்

பல்லைப் பிடுங்கவும் சொத்தையை அடைக்கவும் படித்த ஒருவருக்கு ராணுவம் எதற்காகத் துப்பாக்கி சுடவும், இரவில் திசைகாட்டியோடு காட்டில் வழி கண்டுபிடிக்கவும், சில சமயம் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கவும் கற்றுத்தர வேண்டும் என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். பல் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு ராணுவப் பணியைப் பற்றி யோசிக்கும் மாணவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. பதிலைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தரைப்படையின் பல் மருத்துவப் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். அதன் பயிற்சி முறைகள் வெளிப்படையாகத் தெரிந்தவை என்பதும், பல் மருத்துவரைக் களத்துக்கு அனுப்பிய நீண்ட அனுபவம் அதற்கு உண்டு என்பதும் காரணங்கள். மற்ற நாடுகளும் மற்ற படைகளும் தேவையான இடங்களில் மட்டும் வரும்.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது: பல்வலி. பல்லின் நரம்பு வீங்கிய ஒரு சிப்பாயால் தூங்க முடியாது, காய்ந்த பொட்டல உணவைக் கடிக்க முடியாது, காவல் பணியில் கவனத்தைச் செலுத்தவும் முடியாது. அவரைப் பின்தளத்து மருத்துவமனைக்கு அனுப்புவதென்றால் ஒரு வண்டியும் ஓட்டுநரும் பாதுகாப்புக்குச் சில வீரர்களும் வேண்டும். கண்ணிவெடி புதைக்கப்பட்ட சாலையாக இருந்தால் ஒரு பல்லுக்காகப் பல உயிர்களைப் பணயம் வைப்பதாகிவிடும். ஆகவே நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதற்குப் பதிலாக, மருத்துவரே நாற்காலியோடும் கருவிகளோடும் நோயாளி இருக்கும் இடத்துக்கு அருகில் போக வேண்டியிருக்கிறது.

வலி வருமுன்பே தடுக்கும் ஏற்பாடும் உண்டு. அமெரிக்கப் படைகளில் ஒவ்வொரு வீரரின் வாயும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு நான்கு வகுப்புகளில் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. சிகிச்சையே தேவைப்படாதவர் முதல் வகுப்பு. சிகிச்சை தேவை, ஆனால் அடுத்த 12 மாதங்களுக்குள் அவசர நிலை வர வாய்ப்பில்லை என்றால் இரண்டாம் வகுப்பு. அந்தக் காலத்துக்குள் வலியோ வீக்கமோ வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் கருதினால் மூன்றாம் வகுப்பு. பரிசோதனைக்கே வராதவர் நான்காம் வகுப்பு. கடைசி இரண்டு வகுப்புகளில் இருப்பவர்களைப் பொதுவாக வெளிநாட்டுக் களப்பணிக்கு அனுப்புவதில்லை. ஒரு பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் பல் மருத்துவமனையின் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு இதுதான் காரணம். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் களத்தில் ஞானப்பல் வீங்கும், கடினமான உணவில் பல் உடையும், பழைய அடைப்பு கழன்று விழும்.

இரண்டாவது காரணம் முகம். நவீனக் கவச உடை நெஞ்சையும் வயிற்றையும் நன்றாகக் காக்கிறது. தலைக்கவசம் மண்டையைக் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே முகமும் தாடையும் கழுத்தும் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க வீரர்களுக்கு ஏற்பட்ட சண்டைக் காயங்களில் சுமார் 30 சதவீதம் தலையிலும் கழுத்திலும் ஏற்பட்டவை என்று கணக்கிடப்பட்டது. வியட்நாம் போரில் இந்த விகிதம் 16 சதவீதமாக இருந்தது. உடம்பின் இந்தப் பகுதியின் எலும்புகளையும் நரம்புகளையும் இரத்தக்குழாய்களையும் தினமும் கையாளும் மருத்துவரை அங்கிருந்து தள்ளி வைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது காரணம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. ஒரே நேரத்தில் பதினைந்து இருபது பேர் காயம்பட்டு வந்து சேரும்போது, அங்கே இருக்கும் மருத்துவர்களின் எண்ணிக்கை போதாது. அந்த நேரத்தில் ஊசி போடத் தெரிந்த, தையல் போடத் தெரிந்த, இரத்தத்தைக் கண்டு பதறாத, மூச்சுப்பாதை எங்கே இருக்கிறது என்று விரல்நுனியில் அறிந்த ஒரு மனிதர் கூடாரத்தில் இருக்கிறார் என்றால், அவருடைய பட்டம் பல் மருத்துவத்தில் என்பதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. ஆனால் முன்பயிற்சி இல்லாமல் அவரை அந்த வேலையில் இறக்கினால் உதவியைவிடத் தொல்லையே மிகுதியாகும். களப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இருக்கிறது.

ராணுவங்கள் இதை உணரத் தாமதமாயிற்று. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் பல் கோளாறுகளால் பணிக்கு உதவாமல் போனார்கள். இருந்தும், 1914-இல் பிரான்சில் ஜெனரல் டக்ளஸ் ஹெய்குக்குக் கடும் பல்வலி வந்தபோது அவருடைய படையில் ஒரு பல் மருத்துவரும் இல்லை, பாரிஸிலிருந்துதான் ஒருவரை வரவழைக்க வேண்டியிருந்தது. தளபதிக்கே வலித்த பிறகுதான் கோப்புகள் நகர்ந்தன. பிரிட்டனில் தனிப் பல் மருத்துவப் படைப்பிரிவு 1921-இல் அமைந்தது. அமெரிக்கா கொஞ்சம் முந்திக்கொண்டது. 1901-இல் ஒப்பந்த அடிப்படையில் 30 பல் மருத்துவர்கள் வரை அமர்த்திக்கொள்ள அந்நாட்டு நாடாளுமன்றம் தரைப்படைக்கு அனுமதி தந்தது. 1911 மார்ச் 3 அன்று அவர்கள் முறையான அதிகாரிகளாக அங்கீகரிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே கடற்படையும் தன் பல் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது.

முதல் உலகப்போரிலேயே அதன் பயன் தெரிந்தது. கடற்படைப் பல் மருத்துவர் அலெக்சாண்டர் லைல், 1918 ஏப்ரல் 23 அன்று பிரெஞ்சுப் போர்முனையில் குண்டுமழைக்கு நடுவே ஓடிப்போய், படுகாயமடைந்த ஒரு கார்ப்ரலுக்கு அங்கேயே அறுவை உதவி செய்து உயிரைக் காப்பாற்றினார். அதே ஆண்டு ஜூன் 6 அன்று வீடன் ஆஸ்பர்ன் என்ற இளம் பல் மருத்துவர் பூரெஷ் என்ற ஊரருகே காயம்பட்ட அதிகாரி ஒருவரைத் தூக்கிச் சென்றபோது கொல்லப்பட்டார். இருவருக்கும் அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. இருவரும் பாராட்டப்பட்டது பல் வேலைக்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படுபவர் கேப்டன் பென் சாலமன். 1937-இல் பல் மருத்துவம் முடித்த இவர் 1940-இல் சாதாரணக் காலாட்படைச் சிப்பாயாகக் கட்டாயச் சேர்க்கையில் எடுக்கப்பட்டார். சுடுவதில் தேர்ச்சி பெற்று, இயந்திரத் துப்பாக்கிக் குழு ஒன்றின் சார்ஜென்ட்டாகவும் உயர்ந்தார். 1942-இல்தான் பல் மருத்துவ அதிகாரி ஆனார். 1944-இல் பசிபிக் பெருங்கடலின் சைப்பான் தீவில் அவருடைய பட்டாலியனின் மருத்துவர் காயம்பட்டு விலகியதும், பல் பார்க்க அப்போது ஆள் யாரும் வரப்போவதில்லை என்பதால், அந்தப் பொறுப்பைத் தாமாக முன்வந்து ஏற்றார். ஜூலை 7 அதிகாலையில் ஜப்பானியப் படை அலை அலையாகத் தாக்கியது. முன்னணிக் குழிகளுக்குச் சற்றுப் பின்னால் இருந்த அவருடைய முதலுதவிக் கூடாரத்துக்குள் சில நிமிடங்களில் சுமார் 30 பேர் காயங்களோடு வந்து சேர்ந்தார்கள். தரையில் கிடந்த ஒருவரை எதிரி வீரன் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துவதைக் கண்ட சாலமன் குந்திய நிலையிலேயே அவனைச் சுட்டார். கூடாரத் துணிக்கு அடியில் மேலும் சிலர் புகுந்தார்கள், அவர்களோடு கைகலப்பு நடந்தது. காயம்பட்டவர்களைப் பின்னால் கொண்டுசெல்லுமாறு தம் உதவியாளர்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு, அவர் வெளியே வந்து ஓர் இயந்திரத் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். பின்னர் அவருடைய உடலைக் கண்டெடுத்தபோது, அந்தத் துப்பாக்கியின் முன்னால் 98 எதிரி உடல்கள் கிடந்தன.

அவருக்கான விருது 2002 மே 1 அன்றுதான் வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டுத் தாமதத்துக்குக் காரணம், மருத்துவப் பணியாளர் எதிரிக்கு எதிராக ஆயுதம் ஏந்தக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தத்தை அவருடைய டிவிஷன் தளபதி புரிந்துகொண்டிருந்த விதம். தொடக்கநிலை வாசகர் தெளிவாக அறிய வேண்டிய விஷயம் இது. 1949-ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா ஒப்பந்தப்படி, மருத்துவப் பணியாளர் தாக்கப்படக் கூடாதவர். அதே ஒப்பந்தத்தின் 22-ஆவது பிரிவு, அவர் ஆயுதம் வைத்திருக்கலாம் என்றும், தம்மையும் தம் பொறுப்பில் உள்ள காயம்பட்டோரையும் நோயாளிகளையும் காக்க அதைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. அதனால் அவருக்குரிய பாதுகாப்பு பறிபோவதில்லை. அவர் தாக்குதலில் இறங்கினால்தான் கதை வேறு. பல் மருத்துவர் சுடக் கற்பது இந்த எல்லைக்குள்தான். சாலமனின் கதையைக் கேட்டு, களப் பயிற்சி என்றால் போர்வீரன் ஆவதற்கான பயிற்சி என்று நினைத்துக்கொள்பவர்கள் அதன் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் துப்பாக்கியை எடுத்தது, முப்பது பேரை அப்புறப்படுத்த நேரம் தேவைப்பட்டதால்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தரைப்படையில் சேருபவர் வழக்கமாகக் கேப்டன் நிலையில் நுழைகிறார். பலர் படிப்புச் செலவை ராணுவமே ஏற்கும் உதவித்தொகைத் திட்டத்தின் வழியாக வருபவர்கள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில், மருத்துவப் பிரிவுகளின் புதிய அதிகாரிகளுக்கான அடிப்படைப் பயிற்சி நடக்கிறது. சீருடை, மரியாதை, ராணுவ ஆவணங்கள் எல்லாம் வகுப்பறையில் முடிந்த பிறகு, அருகிலுள்ள கேம்ப் புல்லிஸ் என்ற புதர்க்காட்டுப் பகுதிக்கு அழைத்துச் செல்கிறார்கள். வரைபடம் வைத்து வழி காணுதல், துப்பாக்கிப் பயிற்சி, நச்சுவாயு முகமூடி அணிதல், காயம்பட்டவரைத் தூக்கிச் செல்லுதல் ஆகியவற்றின் அறிமுகம் அங்கே கிடைக்கும். இதை அறிமுகம் என்றுதான் சொல்ல முடியும். இதோடு களத்துக்குப் போகத் தயாராகிவிட்டோம் என்று எவரும் நம்பிவிடக் கூடாது.

அதற்குப் பிறகு என்ன கற்கக் கிடைக்கும் என்பது அவர் எங்கே அமர்த்தப்படுகிறார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான ராணுவப் பல் மருத்துவர்கள் பெரிய முகாம்களில் உள்ள பல் மருத்துவமனைகளில்தான் வேலை செய்கிறார்கள். காலையில் உடற்பயிற்சி, பிறகு நாள் முழுவதும் நோயாளிகள், மாலையில் வீடு என்ற அந்த வாழ்க்கை வெளி உலகத்து மருத்துவமனை வேலையிலிருந்து பெரிதாக வேறுபடாது. சிறு எண்ணிக்கையிலானோர் மட்டும் சண்டையிடும் பிரிகேடுகளோடு (பல பட்டாலியன்கள் சேர்ந்த படையணிகள்) இணைக்கப்படுகிறார்கள், அல்லது களத்துக்கென்றே அமைந்த பல் மருத்துவக் கம்பெனிகளில் (ராணுவத்தில் கம்பெனி என்பது பட்டாலியனைவிடச் சிறிய பிரிவு) சேர்கிறார்கள். களப் பயிற்சி வாய்ப்புகளில் பெரும்பங்கு இவர்களுக்கே போய்ச் சேருகிறது.

பிரிகேட் பல் மருத்துவரின் இடத்தைப் புரிந்துகொள்ள, போர்க்கள மருத்துவம் படிப்படியாக அமைக்கப்பட்டிருப்பதை அறிய வேண்டும். முதல் நிலையில் பட்டாலியனின் முதலுதவி நிலையம் இருக்கும். இரண்டாம் நிலையில் பிரிகேடின் மருத்துவக் கம்பெனி இருக்கும். எக்ஸ்ரே, சிறு ஆய்வகம், இரத்தம் ஏற்றும் வசதி, சில நாட்கள் படுக்க வைக்கச் சில கட்டில்கள் ஆகியவற்றோடு பல் மருத்துவரும் முதன்முதலாக இங்கேதான் வருகிறார். மூன்றாம் நிலையில் அறுவை மருத்துவர்களைக் கொண்ட கள மருத்துவமனை இருக்கும். ஜெர்மனியின் லான்ட்ஷ்டூல் போன்ற நிரந்தரப் பெரிய மருத்துவமனைகள் நான்காம் நிலை. இதில் இரண்டாம் நிலை என்பது போர்முனைக்குக் கணிசமாக அருகில் உள்ள இடம், இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடமும்கூட.

ஆகவே அங்கே முதல் பயிற்சி, மருத்துவமனையைப் பெட்டிகளிலிருந்து எழுப்பப் பழகுவது. மடக்கு நாற்காலி ஒரு பெட்டியிலும், காற்றழுத்த இயந்திரத்தோடு கூடிய துளைக்கும் கருவி இன்னொன்றிலும், கையடக்க எக்ஸ்ரே கருவி மற்றொன்றிலும் வரும். தண்ணீர் குழாயில் வராது. துளைக்கருவியோடு இணைந்த சிறு புட்டியில் சுத்தமான நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, அது நின்றால் துளைக்கருவியும் உறிஞ்சியும் விளக்கும் ஒன்றாக நிற்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் நெற்றி விளக்கு இல்லாமல் ஒரு பல்லையும் திறப்பதில்லை, கையால் இயக்கும் கருவிகளின் தட்டு ஒன்றை எட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பெட்டிக்கும் அதே ஜெனரேட்டர்தான் என்பதால், ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது மருத்துவரின் வேகம் அல்ல, சுத்தமான கருவிகளின் எண்ணிக்கை. பாலைவனத்தில் இவற்றோடு புழுதியும் சேரும்.

மருத்துவ முடிவுகளும் மாறுகின்றன. கீழ்க்கடைவாய்ப் பல்லில் நரம்பு வீங்கி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் என்றால் இரண்டு மூன்று அமர்வுகளில் வேர் சிகிச்சையை முடித்து, மேலே உறை போட்டு அனுப்பலாம். களத்தில் மருத்துவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. இவர் நாளைக் காலை தன் பிரிவுக்குத் திரும்ப வேண்டுமா? அடுத்த முறை இவரை நான் எப்போது பார்ப்பேன், பார்ப்பேனா? முகாம் நாளை மறுநாள் நகருமா? பதில்களைப் பொறுத்து, பல்லைத் திறந்து நரம்பை நீக்கி மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடுவதா அல்லது பிடுங்கிவிடுவதா என்று தீர்மானிக்கிறார். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கக் கூடாது என்று கல்லூரியில் ஆழமாகக் கற்றுக்கொண்டவருக்கு இது எளிதான முடிவல்ல. தவறாகப் பிடுங்குவதும் தவறாக விட்டுவைப்பதும் இரண்டுமே விலை உள்ளவை என்பதைப் பயிற்சிக் களத்திலேயே உணர்ந்துவிட்டால் நல்லது.

அடுத்தது போர்க்காய முதலுதவி. 1996-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. அமெரிக்கப் படைகள் மட்டுமல்லாமல் பல நாட்டுப் படைகளும் இதைப் பின்பற்றுகின்றன. கை கால்களிலிருந்து இரத்தம் வழிந்து இறப்பது, நெஞ்சுக்குள் காற்று நிரம்பி நுரையீரல் அமுங்கி இறப்பது, மூச்சுப்பாதை அடைத்து இறப்பது ஆகிய மூன்றும் களத்திலேயே தடுக்கக்கூடிய மரணங்கள் என்பது இதன் அடிப்படை. துப்பாக்கிச் சூடு நடக்கும்போது என்ன செய்யலாம், சூடு ஓய்ந்த பின் என்ன செய்யலாம், வண்டியிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுசெல்லும்போது என்ன செய்யலாம் என்று மூன்று கட்டங்களாகச் சிகிச்சை பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு: மறைவிடத்துக்கு இழுத்து, பீய்ச்சும் இரத்தத்தை இறுக்குப் பட்டையால் நிறுத்துவது, அவ்வளவே. மருத்துவப் படிப்பு எல்லோருக்கும் மூச்சுப்பாதையை முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கும், இங்கே பெரும் இரத்தப்போக்கு முதலில் வருகிறது. பழக்கத்தில் ஊறிப்போன இந்த வரிசையை மாற்ற, பொம்மைகளையும் நடிகர்களையும் வைத்து இருட்டிலும் இரைச்சலிலும் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வைக்கிறார்கள்.

பல் மருத்துவரின் அறிவு இங்கே நேரடியாகப் பயன்படும் ஒரு காயத்தைச் சொல்ல வேண்டும். கீழ்த்தாடை நொறுங்கிய வீரர் நினைவோடு இருக்கிறார். அருகில் இருப்பவர்கள் பழக்கப்படி அவரை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். தாடையின் முன்பகுதி உடைந்திருந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்தும் தசைக்குப் பிடிமானம் இல்லை. நாக்கு பின்னால் சரிகிறது, இரத்தமும் உடைந்த பற்களும் தொண்டைக்குள் இறங்குகின்றன. அவர் திமிறி எழ முயல்கிறார், மற்றவர்கள் அவரை அமுக்கிப் பிடிக்கிறார்கள். அந்த உடற்கூற்றை அறிந்தவர் செய்ய வேண்டியது அவரை எழுப்பி உட்கார வைத்து, முன்னால் குனிந்திருக்க விடுவதுதான். இரத்தம் வெளியே வழியும், மூச்சு உள்ளே போகும். போர்க்காய முதலுதவி முறையும் இதையே சொல்கிறது: நினைவுள்ளவர் தமக்கு மூச்சு எளிதாக வரும் நிலையில் இருக்கட்டும். அதுவும் போதாதபோது கழுத்தின் முன்புறம் சிறு கீறலிட்டுக் குழாய் செருகும் முறையையும் இந்தப் பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள்.

விருப்பப் பயிற்சிகளில் பல் மருத்துவர்களிடையே மதிப்பு மிக்கது, மருத்துவப் பிரிவினருக்கென 1965-இல் ஏற்படுத்தப்பட்ட களத் திறன் பதக்கத்துக்கான தேர்வு. எழுத்துத் தேர்வு, பகலிலும் இரவிலும் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கொண்டு காட்டில் குறியிடங்களைத் தேடிக் கண்டுபிடித்தல், போர்ச்சூழலை ஒத்த தடங்களில் காயங்களுக்குச் சிகிச்சை தருதல், ஹெலிகாப்டரை வரவழைக்க வானொலியில் முறைப்படி செய்தி அனுப்புதல் என்று பல நாட்கள் நீளும் இத்தேர்வு, முதுகுச் சுமையோடு 12 மைல் தூரத்தை, அதாவது 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை, மூன்று மணி நேரத்துக்குள் நடந்து முடிப்பதில் நிறைவுறுகிறது. கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. பலரை வீழ்த்துவது உடல் வலிமைக் குறைவு அல்ல, ஒரு சின்னப் படியை மறந்துவிடுவதுதான்: இறுக்குப் பட்டை போட்ட நேரத்தைக் குறிக்காமல் விடுவது போன்றவை. நுணுக்க வேலையில் பழகிய பல் மருத்துவர்களுக்கு இந்த வகையில் ஓர் அனுகூலம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வான்குடைப் பயிற்சியும் ஹெலிகாப்டர் தாக்குதல் பயிற்சியும் இளம் அதிகாரிகளின் கண்ணைக் கவரும். ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் மூன்று வாரங்கள் நடக்கும் வான்குடைப் பள்ளியில், ஐந்து முறை வெற்றிகரமாகக் குதித்தால் சிறகு வடிவப் பதக்கம் கிடைக்கும். கென்டக்கி எல்லையில் உள்ள ஃபோர்ட் கேம்பெல் ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. கயிற்றில் இறங்குவதும், ஹெலிகாப்டருக்கு அடியில் சரக்கைத் தொங்கவிட்டுக் கட்டுவதும், இங்கேயும் ஒரு 12 மைல் நடையும் பாடத்தில் அடக்கம். 82-ஆவது வான்குடை டிவிஷனில் பணியாற்றும் பல் மருத்துவருக்குக் குதிக்கத் தெரிந்திருப்பது தேவை, அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் குதிப்பவர்கள். மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் மார்பில் ஓர் அடையாளமும் வீரர்களிடம் சற்றுக் கூடுதல் நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கை அற்பமானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மணிக்கட்டு முறிந்தால் ஒரு பல் மருத்துவர் இழப்பது என்ன என்பதை யோசித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் காயச் சிகிச்சைப் பயிற்சியையே நான் சொல்வேன்.

கற்றவை எல்லாம் ஒன்றுசேர்ந்து சோதிக்கப்படுவது பெரிய போர் ஒத்திகைகளில். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள ஃபோர்ட் இர்வினிலும், லூசியானாவின் ஈரக்காடுகளில் உள்ள ஃபோர்ட் போல்க்கிலும் ஒரு முழு பிரிகேட் வந்து வாரக்கணக்கில் பயிற்சி எதிரியோடு மோதும். பிரிகேட் பல் மருத்துவரும் உடன் போகிறார். அங்கே ஒரு வேடிக்கை உண்டு: காயங்கள் வண்ணப்பூச்சால் ஆனவை, பல்வலிகள் மட்டும் உண்மையானவை. காலையில் நிஜமான ஞானப்பல் வீக்கத்துக்குச் சிகிச்சை செய்தவர், பிற்பகலில் பொய்க் காயங்களோடு வந்து குவியும் கூட்டத்தில் யாரை முதலில் பார்ப்பது, யார் காத்திருக்கலாம் என்று தரம் பிரிக்க உதவுகிறார். நள்ளிரவில் கூடாரத்தைக் கலைத்து இருட்டில் வண்டியேற்றி வேறு இடத்தில் மீண்டும் எழுப்ப வேண்டியும் வரும். அறிவுரையாகச் சொன்னால் புரியாதவை பலவும் அந்த இரவுகளில் புரியும்.

சண்டை இல்லாத களங்களும் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த நிவாரணப் பணியின் தொடர்ச்சியாக, பசிபிக் வட்டார நாடுகளுக்கு மருத்துவக் குழுக்களை அனுப்பும் திட்டமொன்றை அமெரிக்கக் கடற்படை 2006-இல் தொடங்கியது. 1000 படுக்கைகள் கொண்ட மெர்சி என்ற மருத்துவக் கப்பல் இதன் பகுதியாக 2018-இல் திருகோணமலைக்கும் வந்தது. இத்தகைய பயணங்களில் பல் மருத்துவர்களுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது. மொழி தெரியாத நோயாளிகள், நீண்ட வரிசை, குறைந்த கருவிகள் ஆகியவற்றோடு நாள் முழுவதும் பல் பிடுங்கும் அந்த அனுபவம் களப் பயிற்சியாக மிகப் பயனுள்ளது. அமெரிக்கக் கடற்படையின் பல் மருத்துவர்கள் விமானந்தாங்கிக் கப்பல்களிலும், மரைன் படையினரோடு இணைந்த பல் மருத்துவப் பட்டாலியன்களிலும் பணியாற்றுவதுண்டு. மரைன்களோடு இருப்பவர்களுக்குத் தனித் தகுதிப் பதக்கமும் இருக்கிறது.

வாய் முக அறுவை மருத்துவர்களின் பாதை தனியானது. பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ மருத்துவமனையில் பயின்று, மயக்கவியலையும் பொது அறுவையையும் கற்று வருபவர்கள் இவர்கள். மூன்றாம் நிலை மருத்துவமனையில் நொறுங்கிய முகங்களைச் சேர்ப்பது இவர்கள் வேலை. இவர்களுக்கான களப் பயிற்சி கூடாரம் அடிப்பதைவிடப் போர்க்கால அறுவை முறைகளைச் சுற்றியே அமைகிறது.

இந்தியாவில் ஆர்மி டென்டல் கோர் என்ற பிரிவு முப்படைகளுக்கும் பல் மருத்துவம் பார்க்கிறது. முதுநிலைப் பல் மருத்துவ நீட் மதிப்பெண்ணையும் நேர்காணலையும் வைத்துக் குறுகிய காலப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். புதிய அதிகாரிகளுக்கான அடிப்படைப் பயிற்சி லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் பிரிவின் மையத்தில் நடக்கிறது. இங்கும் நகர மருத்துவமனைப் பணி, எல்லைப்புறக் களப் பணி என்ற இரு வகைகள் இருக்கின்றன.

எந்தப் படையாக இருந்தாலும், சேருவதற்கு முன் ஒருவர் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்புகளுக்கான இடங்கள் குறைவு, அனுப்புவதா என்பதை மேலதிகாரி முடிவு செய்கிறார். பல் மருத்துவமனையின் தலைவருக்கு ஒரு மருத்துவர் மூன்று வாரம் இல்லையென்றால் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவு தள்ளிப்போகும். ஆகவே வாய்ப்பு தானாக வந்து கதவைத் தட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடல் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு, பணி நெருக்கடி குறைந்த மாதங்களைப் பார்த்து, முன்கூட்டியே கேட்க வேண்டும். சண்டைப் பிரிவில் அமர்த்தப்பட்டவருக்கு வாய்ப்பு எளிது, ஆனால் அவருக்கு வேறொரு இழப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் பிடுங்குவதும் தற்காலிகமாக அடைப்பதும் மட்டுமே செய்தவருக்கு, பல் பாலம் கட்டுவதிலும் நுணுக்கமான வேர் சிகிச்சையிலும் கை பழக்கம் குறையும். தளத்துக்குத் திரும்பியதும் அதை மீட்டுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகலாம்.

இதனால்தான் பட்டம் பெற்ற கையோடு பிரிகேடுக்குப் போக ஆசைப்படுபவர்களிடம் மூத்தவர்கள் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்கள். முதல் பணிக்காலத்தை ஒரு பெரிய மருத்துவமனையில் கழித்து, தரைப்படை நடத்தும் இரண்டாண்டு விரிவான பல் மருத்துவப் பயிற்சியையும் முடித்தவருக்கு, கடினமான ஞானப்பல் அறுவையிலிருந்து சிக்கலான வேர் சிகிச்சை வரை ஓரளவு தனியாகச் சமாளிக்கும் திறன் வந்திருக்கும். பிரிகேடில் வழக்கமாக ஒரே ஒரு பல் மருத்துவர்தான் இருப்பார். பிடுங்கும்போது வேர் முறிந்து உள்ளே தங்கிவிட்டால், பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வர அங்கே இன்னொருவர் இருக்க மாட்டார்.